விடைத்தாளில் ‘சான்று எங்கே?’ என்று எழுதியிருந்தால்

மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது: “என் மகள் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ்த் தாளில் இலக்கியக் குறுவினாக்களுக்கு மூன்றுக்கு ஒன்றரை, சில நேரம் ஒன்றுதான் வருகிறது. பாடலின் பொருள் அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் மளமளவென்று சொல்கிறாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விடைத்தாளின் ஓரத்தில் ‘சான்று எங்கே?’ என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத் தாளிலும் ஏறக்குறைய இதே குறிப்புதான். நான் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். நான் எப்படி அவளுக்கு உதவ முடியும்?”

அம்மா, உங்கள் மகளுக்குப் பொருள் நன்றாகத் தெரிந்திருப்பதுதான் அவளுடைய சிக்கல். பொருள் தெரிந்த பிள்ளை பொருளை எழுதிவிட்டு வந்துவிடும். வினா கேட்டது வேறொன்றாக இருக்கும்.

இந்த நகரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தேன். சனவரிக் குளிரில் ரஜாய்க்குள் உட்கார்ந்துகொண்டு, விரல் விறைக்க விறைக்க, முன்தேர்வு விடைத்தாள் கட்டுகளைத் திருத்தியிருக்கிறேன். நாற்பது தாளில் முப்பத்தைந்து தாள் ஒரே விடையைச் சொல்லும். அது தவறான விடையாக இருக்காது. யாரும் பாடலைப் பார்க்காமலே எழுதக்கூடிய விடையாக இருக்கும். அந்த ஓரக் குறிப்பை நானும் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ‘சான்று எங்கே?’ என்று எழுதினால் மட்டும் ஒரு குழந்தைக்கு என்ன புரியும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அதற்கான பரிகாரமாகவும் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாடலை எடுத்துக்கொண்டே பேசலாம். புறநானூற்றின் 112ஆம் பாடல். பாரி இறந்தபின் அவனுடைய மகளிர் பாடியது. ஐந்தே அடிகள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம்; எம்குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

வினா இப்படி வரும்: ‘பாரி மகளிரின் துயரம் இப்பாடலில் எவ்வாறு வெளிப்படுகிறது?’ மூன்று மதிப்பெண். அதற்கு வழக்கமாக வரும் விடை இது:

“பாரி மகளிர் தம் தந்தையை இழந்து மிகவும் வருந்தினர். அன்று அவர்களுக்குத் தந்தை இருந்தார், மலையும் இருந்தது. இன்று பகை அரசர்கள் மலையைக் கைப்பற்றிவிட்டனர், தந்தையும் இல்லை. இதனால் அவர்கள் மிகுந்த துயரத்தில் ஆழ்ந்தனர். இப்பாடல் கையறுநிலைத் துறையில் அமைந்துள்ளது.”

இதில் பிழை ஒன்றும் இல்லை. துறையின் பெயர்கூடச் சரி. ஆனால் வினாவில் ‘எவ்வாறு’ என்று ஒரு சொல் இருக்கிறது. துயரம் வெளிப்படுகிறது என்பதை வினாவே சொல்லிவிட்டது. அதையே திருப்பிச் சொன்னால் யாருக்கு என்ன புதிது? இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பாடலில் துயரம் என்ற சொல் கிடையாது. அழுகை, கண்ணீர், வருத்தம் எதுவும் கிடையாது. இல்லாத சொற்களை விடை இரண்டு முறை சொல்கிறது. இருக்கிற சொற்களில் ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒரு வருடம் வகுப்பில் இந்தப் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி என்று வளர்ந்த ஒரு பையன். தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவித்தான் படிப்பான். அவன் கேட்டான்: “ஐயா, ‘வெண்’ ஏன் இரண்டு முறை வருகிறது? முதல் முறை சொன்னாலே நிலா வெள்ளை என்று தெரிந்துவிட்டதே?” நான் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக நடத்திய பாடல். இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. பாடலின் கதவே அதுதான். நிலா மாறவில்லை. அன்றும் வெள்ளை, இன்றும் வெள்ளை. ‘அ’ என்பது ‘இ’ ஆனது மட்டுமே முதல் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் உள்ள வேறுபாடு. சொல்லுக்குச் சொல் அப்படியே இருக்கிற அந்த அடிக்குக் கீழே, வாழ்க்கை மட்டும் தலைகீழாகக் கிடக்கிறது.

தமிழ்நாட்டில் வளரும் பிள்ளைகளைவிட நம் தில்லிப் பிள்ளைகள் தமிழில் பின்தங்கியவர்கள் என்று பெற்றோர் குறைப்படுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பேச்சு வேகத்தில் உண்மையாக இருக்கலாம். ஆனால் மெதுவாகப் படிக்கிறவன் கண்ணில்தான் சொல் படும். வழுக்கிக்கொண்டு ஓடுகிறவன் கண்ணில் படாது. எழுத்துக்கூட்டிப் படிப்பேன் என்று நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். இந்த வேலைக்கு அது ஒரு தகுதி.

இப்போது அதே வினாவுக்கு இன்னொரு விடை:

“மாறாத நிலவின் அருகே மாறிப்போன தம் வாழ்வை வைத்துக் காட்டுவதன் மூலம் பாரி மகளிர் தம் துயரத்தை வெளிப்படுத்துகின்றனர். ‘அவ்வெண் நிலவின்’, ‘இவ்வெண் நிலவின்’ என இரு முறையும் நிலவின் வெண்மை அப்படியே இருக்க, ‘எந்தையும் உடையேம்’ என்பது ‘எந்தையும் இலமே’ என்று ஆகிவிடுகிறது. அன்றைய நிலையைச் சொல்லும்போது முதலில் வந்த தந்தை, இன்றைய நிலையில் மலைக்கும் பின்னால் பாடலின் கடைசிச் சொற்களில் வருவதால், நாட்டை இழந்ததைவிடத் தந்தையை இழந்ததே அவர்களுக்குப் பேரிழப்பு என்பது புலப்படுகிறது.”

அறுபது சொற்களுக்குள் முடிந்துவிட்டது. முதல் வாக்கியம் வினாவுக்கு நேர் விடை. இரண்டாவது சான்று. மூன்றாவதில் சான்றோடு விளக்கமும் சேர்ந்திருக்கிறது. வருந்தினர், துயருற்றனர் என்று எங்கும் இல்லை. ஆனாலும் துயரம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறது. பாடலைத் திறந்து வைத்துக்கொள்ளாத ஒருவரால் இதை எழுத முடியாது. திருத்துகிறவர் தேடுவது அதைத்தான்.

இந்த முறை ஆங்கிலத் தேர்விலிருந்து வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். நம்மிடம் இருந்ததுதான். மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை நெறியை, அதாவது தருக்க முறையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் ஒரு எடுத்துக்காட்டு வருகிறது. ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது’ என்பது பக்கம், அதாவது நாம் நிறுவ வருவது. ‘ஏனென்றால் புகை இருக்கிறது’ என்பது ஏது, அதாவது காரணம். ‘அடுக்களையைப் போல’ என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்று நாம் ஏற்கெனவே அறிந்த இடம் அது. உங்கள் மகளின் விடைத்தாளை இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘மலையில் நெருப்பு இருக்கிறது’ என்று எழுதி நிறுத்திவிடுகிறாள். புகையைக் காட்டவில்லை.

வேறு சில பிள்ளைகள் நேர்மாறு. நான்கு அடியை மனப்பாடமாக எழுதிவிட்டு, ‘இவ்வாறு கவிஞர் கூறுகிறார்’ என்று முடித்துவிடுவார்கள். அது நவம்பர் மாதத்துத் தில்லி மாதிரி. ஊர் முழுக்கப் புகை. நெருப்பு எங்கே என்று யாருக்கும் தெரியாது. இரண்டுக்கும் ஒன்றரைதான் கிடைக்கும். பெரும்பாலும் விடுபடுவது அந்த அடுக்களைதான். இந்தச் சொல் எப்படி அந்தக் கருத்தைக் காட்டுகிறது என்ற இணைப்பு. ‘வெண் என்ற சொல் இரண்டு முறை வருகிறது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டால் அது கணக்கெடுப்பு. ‘வந்ததால் நிலவு மாறவில்லை என்று தெரிகிறது, எனவே மாற்றம் முழுவதும் அவர்கள் வாழ்க்கையில்தான்’ என்று எழுதினால் விடை. எழுதும் இடத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நம் உரையாசிரியர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்ற 129ஆம் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கடுஞ்சொல்லின் கொடுமையை வள்ளுவர் எங்ஙனம் உணர்த்துகிறார்?’ என்று கேட்டால், ‘தீப்புண் ஆறிவிடும், நாக்கினால் சுட்டது ஆறாது’ என்று வகுப்பே ஒரே குரலில் எழுதும். குறளையே உரைநடையில் எழுதினால் அது விடை ஆகாது. பரிமேலழகர் எங்கே கண் வைத்தார் என்று பாருங்கள். தீயினால் வந்தது புண். நாவினால் வந்தது வடு. இரண்டு வெவ்வேறு சொற்கள். ஆறிப்போகும் என்பதால் ஒன்றைப் புண் என்றும், ஆறாமல் கிடக்கும் என்பதால் மற்றதை வடு என்றும் வள்ளுவர் சொன்னார் என்கிறார் அவர். ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போட்டதில் குறள் முழுவதும் தங்கியிருக்கிறது என்று காட்டிவிட்டார். மூன்று மதிப்பெண் விடை என்பது அளவில் சிறிய உரை. வேறொன்றும் இல்லை.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பரிமேலழகரைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வியைக் கேட்டால் போதும்: இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்? பக்கத்தில் உட்காரக்கூடிய வேறு சொல் இருக்க, அதை ஏன் விட்டார்?

சில நேரம் சான்று ஒரு சொல்கூட இல்லை, ஒரு எழுத்துதான். சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதை. பாண்டியன் தன் தவற்றை உணரும் இடம்: ‘யானோ அரசன் யானே கள்வன்’. நான்கே சொற்கள். ‘யானோ’வில் உள்ள ஓகாரம் அவன் அரசன் என்பதை மறுக்கிறது. ‘யானே’யில் உள்ள ஏகாரம் அவன்தான் கள்வன் என்று உறுதி செய்கிறது. இரண்டு எழுத்தில் ஒருவன் தன் மகுடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, தானே தனக்குத் தீர்ப்பும் எழுதிக்கொள்கிறான். இலக்கண வகுப்பில் ஏகாரம், ஓகாரம் என்று அலுத்துக்கொண்டே படித்தது எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் இந்த அடியைத்தான் காட்டுவேன்.

இதே காதையில் இன்னும் மேலான ஒரு சான்று இருக்கிறது. ஆனால் அதைப் பிடிக்க இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணகி வழக்கு உரைத்ததும் பாண்டியன் முதலில் என்ன சொல்கிறான்? ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். அங்கே கள்வன் கோவலன். சிலம்பு உடைந்து மணி தெறித்தபின் அதே சொல் திரும்பி வருகிறது. இந்த முறை கள்வன் அவனே. தன் வாயால் சொன்ன சட்டத்தின்படி அவனுக்கு என்ன தண்டனை என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது. ‘கெடுகவென் ஆயுள்’ என்று சொல்லி அவன் வீழ்ந்தது வெறும் அதிர்ச்சியால் அல்ல என்று ஒரு மாணவி இதை வைத்து எழுதியிருந்தாள். ‘பாண்டியன் நீதி தவறாதவன் என்பதை நிறுவுக’ என்ற வினாவுக்கு, மற்ற எல்லாரும் ‘உயிர் விட்டான், ஆகவே நீதிமான்’ என்று எழுதியபோது, அவள் ஒருத்தி மட்டும் ‘கள்வன்’ என்ற ஒரு சொல்லின் இரண்டு இடங்களை எடுத்து வைத்திருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதைப் பார்க்காதது போல விட்டுவிட்டேன். இப்போது சொல்வதில் தவறில்லை.

ஒரு சொல் இரண்டாம் முறை வந்தால் அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள். ‘வெண்’, ‘கள்வன்’ இரண்டுமே அப்படிக் கிடைத்தவைதான்.

அடுத்து, சான்று என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் கைக்கு வந்ததை எழுதுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். குறுந்தொகையின் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்ற அடிகளுக்கு, ‘சிவப்பு நிறம் காதலின் அடையாளம், ஆகவே கவிஞர் செம்மண்ணைப் பயன்படுத்தினார்’ என்று எழுதிய தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டை இதயமும் ரோஜாவும் பார்த்து வளர்ந்த தலைமுறை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாடல் அப்படிச் சொல்லவில்லை. உவமை எந்த வினையில் முடிகிறது என்று பார்த்தால் போதும்: ‘கலந்தன’. மழைநீர் செம்மண்ணில் விழுந்தபின் எது நீர், எது மண் நிறம் என்று பிரிக்க முடியாது. அதற்கு முந்தைய மூன்று அடிகளும் தாய் யார், தந்தை எந்த உறவு, நாம் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கின்றன. கடைசி அடி பிரிக்க முடியாமல் போனதைச் சொல்கிறது. சிவப்பைக் காதல் என்று எழுதிய பிள்ளை பாடலுக்கு வெளியே இருந்து ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டது. சான்று பாடலுக்குள் இருந்துதான் எடுக்கப்பட வேண்டும்.

வெளியே இருந்து எதையுமே கொண்டுவரக் கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. மறுபடியும் பாரி மகளிரிடம் போவோம். ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்கிறார்கள். வெற்றி முரசு அறையும் வேந்தர். படிக்கும்போது பாராட்டு மாதிரி இருக்கிறது. மூவேந்தரும் போரிட்டு வெல்ல முடியாமல் வஞ்சனையால் பாரியைக் கொன்றார்கள் என்ற செய்தி தெரிந்தால்தான் அது குத்தல் என்று புரியும். புறநானூற்றின் பழைய உரைகாரரும் இதை இகழ்ச்சிக் குறிப்பு என்றே சொல்கிறார். அந்தச் செய்தி இந்த ஐந்து அடிகளில் இல்லை. எனவே அதைப் பயன்படுத்தும்போது, ‘வஞ்சனையால் பாரி கொல்லப்பட்டான் என்ற பின்னணியில் பார்த்தால்’ என்று ஒரு சொற்றொடரைச் சேர்த்து, எது பாடல், எது பின்னணி என்று பிரித்துக் காட்டிவிட வேண்டும். அப்படிச் செய்தால் திருத்துகிறவருக்கு நம்பிக்கை வரும். மூன்று மதிப்பெண்ணுக்கு இதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடையாது. பாரியின் முல்லைத் தேர்க் கதையை எல்லாம் இழுத்துவரக் கூடாது.

இழுத்துவருவது என்றதும் நன்னூல் நினைவுக்கு வருகிறது. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் பட்டியல் போட்டிருக்கிறார். அதில் மூன்று நம் விடைத்தாள்களுக்காகவே எழுதியவை போல இருக்கும். ‘கூறியது கூறல்’: துயரம் எவ்வாறு வெளிப்படுகிறது என்று கேட்டால், ‘துயரம் நன்கு வெளிப்படுகிறது’ என்று தொடங்கி, ‘இவ்வாறு துயரம் வெளிப்படுகிறது’ என்று முடிப்பது. ‘மற்றொன்று விரித்தல்’: நூற்குறிப்பு, ஆசிரியர் குறிப்பு, எட்டுத்தொகை எத்தனை என்று கேட்காததை எல்லாம் எழுதுவது. ‘சென்று தேய்ந்து இறுதல்’: நன்றாகத் தொடங்கி, மணி அடிக்கப் போகிறது என்ற பயத்தில், ‘ஆகவே இப்பாடல் மிகச் சிறந்த பாடலாகும்’ என்று கரைந்துபோவது. இந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டாலே பாதித் தாள்கள் அழகாகிவிடும்.

எவ்வளவு மேற்கோள் காட்டுவது என்பதிலும் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். பானையையே கவிழ்த்துக் காட்டுகிறார்கள் இவர்கள். இரண்டு சொல், மூன்று சொல், மிஞ்சினால் ஓர் அடி. அதையும் தனியாகப் பிரித்து வைக்காமல் தன் வாக்கியத்துக்குள்ளேயே உட்கார வைக்க வேண்டும். ‘“எந்தையும் இலமே” என்று பாடல் முடிவதால்’ என்று எழுதினால் மேற்கோளும் விளக்கமும் ஒரே மூச்சில் வந்துவிடும். மேற்கோள் குறிக்குள் இருப்பது எழுத்துக்கு எழுத்து நூலில் உள்ளபடி இருக்க வேண்டும். அடி மறந்துவிட்டதா? தப்பும் தவறுமாகக் குறிக்குள் போடுவதைவிட, குறி இல்லாமல் தன் சொல்லில், ‘நிலவு அன்று போலவே இன்றும் வெண்மையாக இருப்பதைச் சுட்டி’ என்று எழுதலாம். அதுவும் சான்றுதான். நெட்டுருப் போடாதவனுக்கு இலக்கியம் எழுத வராது என்பது வீண் பயம்.

‘கூறுகிறார்’ என்ற வினைச்சொல்லை ஒரு வாரத்துக்கு உங்கள் மகளிடமிருந்து பறித்து வையுங்கள். கவிஞர் கூறுகிறார், கூறுகிறார் என்று எழுதும்போது, கவிஞர் நேராகச் சொன்னதற்கும் நாம் ஊகித்ததற்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடுகிறது. உணர்த்துகிறது, சுட்டுகிறது, குறிப்பால் புலப்படுகிறது, உறுதி செய்கிறது என்று எத்தனையோ இருக்கின்றன. பாரி மகளிர் தந்தையே பேரிழப்பு என்று எங்கும் கூறவில்லை. சொல் வரும் வரிசை அதை உணர்த்துகிறது. சரியான வினைச்சொல்லைத் தேடும்போது சிந்தனையும் கூடவே சரியாகிவிடும்.

கவிதையில் சொல்லைப் பிடித்துக்கொள்ளலாம், உரைநடைப் பத்தி வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்பாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். சனிக்கிழமைகளில் என் ஜனக்புரி வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே எழுதிக் கொடுக்கும் ஒரு பத்தி இது:

“தபால்காரர் போனதும் ராமசேஷன் கடிதத்தைப் பிரித்தார். நின்றபடியே படித்தார். மடித்து, அதே உறையில், அதே மடிப்பில் வைத்தார். சமையலறையை எட்டிப் பார்த்து, ‘பால் டோக்கன் எங்கே? மதர் டெய்ரிக்குப் போய் வந்துவிடுகிறேன்’ என்றார். ‘காலையிலேயே வாங்கிவந்துவிட்டீர்களே’ என்றாள் மனைவி.”

வினா: ‘கடிதம் ராமசேஷனை எவ்வாறு பாதித்தது?’ முதல் சுற்றில் எல்லாரும் எழுதுவது: ‘கடிதத்தில் சோகமான செய்தி இருந்தது, அவர் மிகவும் அதிர்ச்சியடைந்தார்.’ எந்த வரியில் இருக்கிறது சோகம் என்று கேட்பேன். தேடுவார்கள். இருக்காது. பிறகு ஒருவர் மெல்லச் சொல்வார்: பால் காலையிலேயே வாங்கியாயிற்று, அது அவருக்கு நினைவில்லை. இன்னொருவர்: உட்காரக்கூட இல்லை, நின்றபடியே படித்துவிட்டார். மூன்றாமவர்: அதே மடிப்பில் வைத்தார் என்றால், படிக்காத மாதிரி ஆக்கிவிடப் பார்க்கிறார். அந்த மூன்றாவது பிள்ளைக்கு அன்று இரண்டு முறுக்கு. கதாபாத்திரம் என்ன உணர்கிறது என்று கதை சொல்லாதபோது, கை என்ன செய்கிறது, வாய் எதைத் தவறாகச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ‘சோகமான செய்தி’ என்றுகூடத் துணிந்து சொல்லிவிட முடியாது. மகிழ்ச்சியான செய்தியிலும் மனிதன் நிலைகுலைவான். ‘மனைவியிடம் உடனே சொல்ல முடியாத செய்தி’ என்பது வரைதான் பத்தி இடம் கொடுக்கிறது. அந்த எல்லையில் நிற்கத் தெரிந்த விடைக்குத் தனி மரியாதை உண்டு.

ஆங்கிலத் தாளுக்கும் இதே வழிதான். புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். தமிழில் ஒரு மாதம் பழகினால் அங்கே தானாகவே வரும். பொருளைச் சுருக்கி எழுதிவிடும் அவள் பழக்கம் இரண்டு மொழிகளிலும் ஒரே கையிலிருந்துதான் வருகிறது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்களுக்குப் பாடல் புரிய வேண்டியதில்லை. உரைநூல் வாங்க வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் வேண்டாம், இப்போதே தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பாடல், ஒரு வினா. அவள் எழுதியதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “எந்தச் சொல்லை வைத்து இதைச் சொல்கிறாய்?” அவள் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடிந்தால் அந்த வாக்கியம் இருக்கலாம். முடியாவிட்டால் அடித்துவிட வேண்டும், அல்லது சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். காட்டியபின் இன்னொரு கேள்வி: “அந்தச் சொல் இருந்தால் ஏன் அப்படித்தான் ஆகும்?” இதற்கு அவள் வாயால் சொல்லும் பதிலைத்தான் விடைத்தாளில் எழுதாமல் விட்டுக்கொண்டிருக்கிறாள். சொன்னதும், “அதை அப்படியே எழுது” என்று சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரம் எரிச்சல்படுவாள். ‘இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே அம்மா’ என்பாள். உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் நிலையில் அது பொய்யும் இல்லை. என் போன்றவர்கள் எதிரே உட்கார்ந்தால், ஐயாவுக்குத் தெரியும் என்று பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவார்கள். தெரியாதவருக்கு விளக்கும்போதுதான் படி தவறாமல் சொல்வார்கள்.

பாரி மகளிரிலிருந்தே தொடங்குங்கள். ஐந்து அடிதான், எழுத்துக்கூட்டினாலும் இரண்டு நிமிடத்தில் நீங்களும் படித்துவிடலாம். படித்துவிட்டு, அவள் பேனாவை எடுக்கும் முன், நான் மேலே தொடாமல் விட்ட ஒன்றை அவளிடம் கேளுங்கள்: இரண்டாம் அடியில் மலையைக் கொள்ளாதவர்கள் ‘பிறர்’, நான்காம் அடியில் கொண்டவர்கள் ‘வேந்தர்’. ஏன் பெயர் மாறியது?